கண்ணாடிக்காரன் மூஞ்சி

அன்பும் மதிப்பும் மிக்க அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதுகிற நிமிடம் வரையில் இங்கே நானும், என் மனைவியும், எங்கள் மகளும் தங்கள் மருமகளுமாகிய குட்டியும் நலமே. அங்கே தாங்களும், மாமாவும், மாமாவின் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுமென்பதே எங்கள் விருப்பம். உறையைப் பார்த்ததுமே தாங்கள் பதறிவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்: யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகவில்லை என்று ஒருவன் மெனக்கெட்டு எழுதினால் ஏதோ ஆகியிருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று தாங்கள் நினைக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன், நினைத்து, முழுதும் படிப்பதற்குள் வண்டி ஏறியிருப்பேன். ஆகவே தாங்கள் முதுகு சாய்க்க வசதியுள்ள நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாலே தாங்கள் அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். சின்ன வயதில் எனக்குத் தொடைநடுங்கி என்று பேர் வைத்தது தாங்கள்தான். அந்தப் பேருக்கு நான் ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை. ஆனால் இந்தத் தடவை விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை அக்கா. நம்ம குட்டிக்கு வெளிநாட்டில் வேலை வந்திருக்கிறது. கடல் தாண்டி, பெரிய ஆராய்ச்சி நிலையம், அவள் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஆசைப்பட்ட இடம். வருகிறேன், வரவில்லை என்று இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவள் இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், என் மூஞ்சியால். உளறுகிறேன் என்று நினைக்காதே அக்கா. இதை நான் சொல்லவில்லை, விஞ்ஞானம் சொல்லுது, வீடியோ ஆதாரம் இருக்கு. முதல்ல இருந்து சொல்றேன், நடுவுல சிரிக்காம கேளு.

குட்டி பல்கலைக்கழகத்துல குழந்தைகளோட மனசு எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்றது உனக்குத் தெரியும். அதுக்கு ஒரு மேசை வேணும்னு சொன்னா. சாதாரண மேசை இல்ல. கட்டில் அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, மேல முழுசும் கண்ணாடி. பாதி தூரம் கண்ணாடிக்கு நேர் அடியில கட்டம் போட்ட துணிய ஒட்டியிருக்கும். மீதிப் பாதியில அதே துணி கீழ, ஒரு ஸ்டூல் உயரம் தள்ளி, பள்ளத்துல விரிச்சிருக்கும். மேல இருந்து பாத்தா பாதி வழியில தரை திடீர்னு கீழ எறங்கிட்ட மாதிரி தெரியும். கை வெச்சா கண்ணாடி இருக்கும், கண்ணுக்குப் பள்ளம்தான். தவழ்ற குழந்தைய இந்தப் பக்கம் விடுவாங்க, அம்மா அந்தப் பக்கம் நிப்பாங்க. குழந்தை விறுவிறுன்னு வரும், பள்ளம் தெரிஞ்சதும் பிரேக் போட்ட மாதிரி நிக்கும். நின்னு, தலையத் தூக்கி அம்மா மூஞ்சியப் பாக்கும். அம்மா சிரிச்சா, சரி, ஒண்ணும் ஆகாதுன்னு தாண்டி வந்துடும். அம்மா பயந்தா திரும்பிப் போயிடும். தனக்குப் புரியாத இடத்துல குழந்தை தன் கண்ண நம்பாதாம், வளத்தவங்க மூஞ்சியப் படிச்சுத்தான் அடுத்த அடி வைக்குமாம். இந்தத் துறையில ரொம்பப் பழைய சங்கதியாம் இது. குட்டி அதுல ஏதோ புதுசா கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சாத்தான் பட்டம்.

அப்பன் கண்ணாடிக் கடை வெச்சிருக்கறப்ப வெளியில ஏன் கேக்கணும்னு குட்டி என்கிட்டயே சொல்லிட்டா. நான் அன்னைக்கே வேண்டாம்னேன். ஊர்ல எல்லாரும் கண்ணாடியப் பாத்தா அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறதப் பாக்கறாங்க, நான் பாத்தா அது எந்த மூலையில உடையும்னுதான் பாப்பேன். இத்தனை வருஷம் இதே தொழில்ல இருந்துட்டேன், வேற எப்படிப் பாக்கறது? கெட்டிக் கண்ணாடி இருக்கே, நடுவுல யானைய நிறுத்தினாலும் தாங்கும், ஆனா மூலையில ஒரு சின்ன இடி பட்டா போதும், பொலபொலன்னு மொத்தமும் கொட்டிடும். இதச் சொன்னேன். குட்டி, "அப்பா, குழந்தை மூலையில இடிக்காது, அது சுத்தியலோட வராது"ன்னா. அவ அம்மா, ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கற வேலைதானே பாக்கறா, அவ ஒரு வார்த்தைதான் சொன்னா. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பயந்த மூஞ்சிகளையே பாத்துட்டு வர்றேன். வீட்லயாவது ஒரு மாறுதல் இருக்கட்டுமே." அதுக்கு மேல என்ன பேசறது. இருக்கறதுலயே தடிமனான கண்ணாடிய எடுத்தேன், வெட்டி விளிம்ப நானே தேய்ச்சேன், சூளையில கெட்டியாக்கி வாங்கினேன், நாலு மூலைக்கும் ரப்பர் வெச்சேன், ரப்பருக்கு மேல இன்னொரு ரப்பர் வெச்சேன். பள்ளத்துத் துணிக்கு அடியில யாருக்கும் தெரியாம எங்க வீட்டு மெத்தையையும் போட்டேன். அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் வெறும் பலகையில படுத்தோம். அவ கேட்ட கேள்விய இங்க எழுத முடியாது.

மேசையக் கொடுத்துட்டு வந்துடலாம்னா மனசு கேக்கல. தவழ்ற குழந்தைங்க எச்சில ஒழுக விட்டுக்கிட்டேதான் வரும், ஒவ்வொரு குழந்தைக்கும் அப்புறம் கண்ணாடியத் துடைக்கணும், திருகாணிய முடுக்கணும், கண்ணாடிக்காரன் பக்கத்துலயே இருந்தா நல்லதுன்னு நானே ஒரு காரணத்த உண்டாக்கிக்கிட்டேன். குட்டியும் சரின்னுட்டா. அம்மா நிக்கற இடத்துக்குப் பின்னாடி ஒரு இரும்பு அலமாரி, அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சந்து, அதுல துணியும் தண்ணி பாட்டிலுமா நான் நிப்பேன். மேசைப் பக்கம் இருந்து பாத்தா நான் தெரிய மாட்டேன்னு நினைச்சேன். குழந்தை மேசை மேல ஏறினதும் என் கை ரெண்டும் தானா நீண்டுக்கும், விழுந்தா பாஞ்சு பிடிக்க. மூச்ச அடக்கிக்குவேன். கண்ண மூடலாம்னு பாப்பேன், மூடினா அந்த நேரத்துல உடைஞ்சிடுமோன்னு அகலமா தெறந்து வெச்சுக்குவேன்.

முதல் குழந்தை வந்துச்சு. கொழுகொழுன்னு இருந்த பையன், பள்ளம் வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தான். நின்னான். அம்மாவப் பாத்தான், அம்மா வாடா ராஜான்னு சிரிச்சாங்க. அடுத்த நொடி அவன் உதடு பிதுங்குச்சு, உட்காந்து ஓன்னு அழ ஆரம்பிச்சான். சரி, ஒண்ணு அப்படித்தான் இருக்கும்னாங்க. ரெண்டாவது பொண்ணு பின்பக்கமாவே தவழ்ந்து ஓடிப் போயிடுச்சு. மூணாவது அழுத அழுகையில அதோட அம்மாவும் அழுதாங்க. அன்னையில இருந்து வந்த குழந்தை அத்தனையும் அதே கதைதான். இந்த உலகத்துல இதுவரைக்கும் இந்த மேசை போட்ட இடத்துல எல்லாம் அம்மா சிரிச்சா குழந்தை பெரும்பாலும் தாண்டியிருக்கு. நம்ம குட்டி மேசையில மட்டும் ஒண்ணுகூட தாண்டல. குட்டியோட பேராசிரியை நல்ல பொம்பளைதான், ஆனா முகத்துக்கு நேரா பேசறவங்க. "இதுல இருந்து என்ன தெரியுதுன்னா, இந்த ஊர் அம்மாக்கள் சிரிச்சா குழந்தைங்க நம்பறதில்லைன்னு எழுதணும். அத எழுதிட்டு நீயும் நானும் வெளியில நடமாட முடியுமா"ன்னு கேட்டாங்க. குட்டி சாப்பிடறத நிறுத்திட்டா. துணியோட கட்டத்த மாத்தினா, விளக்க மாத்தினா, அம்மாக்களுக்கு எப்படிச் சிரிக்கணும்னு பயிற்சி கொடுத்தா. ஒரு நாள் என்கிட்ட வந்து மெதுவா, "அப்பா, கண்ணாடியில ஏதாவது இருக்குமோ"ன்னு கேட்டா.

கண்ணாடியில கோளாறுன்னா என் மேல கோளாறு. எம் பொண்ணோட படிப்பு என் கடைக் கண்ணாடியால போச்சுன்னா நான் எங்க போய் முட்டிக்கறது? மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் செருப்பக் கழட்டிட்டு மேசை மேல நானே ஏறினேன். குழந்தை எந்த உயரத்துல பாக்குமோ அந்த உயரத்துல இருந்து பாக்கணுமேன்னு தவழ்ந்தேன். பாதி வரைக்கும் ஒண்ணுமில்ல. பாதி தாண்டினதும் கீழ பாத்தேன். அக்கா, அந்தக் கண்ணாடிய வெட்டினவன் நான், தேய்ச்சவன் நான், அதோட எடை தெரியும், தடிமன் தெரியும், கீழ கிடக்கற மெத்தை எந்தக் கடையில வாங்கினதுன்னுகூடத் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் உடம்பு கேக்கல. முன்னால போக முடியல, பின்னால வர முடியல. ரெண்டு உள்ளங்கையும் கண்ணாடியில ஒட்டிப்போச்சு. அந்த நேரம் பார்த்து கதவத் தெறந்துக்கிட்டு பேராசிரியையும் குட்டியும் உள்ள வர்றாங்க. அந்த அம்மா காவலாளியக் கூப்பிடலாம்னாங்க. குட்டி நேரா மேசையோட அந்தப் பக்கம் போய் நின்னா, குனிஞ்சா, "அப்பா, கீழ பாக்காதீங்க. என்னைப் பாருங்க. இங்க பாருங்க, வாங்க"ன்னு சிரிச்சா. நான் அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு ஒரு கைய எடுத்தேன், அப்புறம் இன்னொரு கை, எப்படி வந்தேன்னு தெரியாது, அந்தப் பக்கம் வந்து சேந்துட்டேன். அவ என் சட்டையில ஒட்டியிருந்த எச்சிலத் துடைச்சு விட்டா. பேராசிரியை தன்னோட புத்தகத்துல ஏதோ எழுதிக்கிட்டே, "இந்த மேசையத் தாண்டின ஒரே ஆள் இதுவரைக்கும் உங்க அப்பாதான்"னாங்க.

என் பாரத்தையே தாங்கினதால கண்ணாடி மேல தப்பு இல்லைன்னு ஆச்சு. அப்ப எது மேல தப்புன்னு ரெண்டு பேரும் உட்காந்து எல்லா வீடியோவையும் மறுபடி பாக்க ஆரம்பிச்சாங்க. நானும் பின்னால நின்னேன். அதுவரைக்கும் குழந்தை மூஞ்சிய எடுத்த படத்தத்தான் பாத்திருக்காங்க, அம்மா பக்கம் எடுத்த படத்த யாரும் சரியாப் பாக்கல. அம்மா சிரிக்கறாங்க, அது போதும்னு விட்டுட்டாங்க. பேராசிரியை ஒரு இடத்துல நிறுத்தி, "பின்னாடி அது என்ன"ன்னாங்க. அலமாரி சந்துல ஒரு மூஞ்சி. கண்ணு ரெண்டும் வெளிய வந்து விழற மாதிரி, வாய் கோணி, புருவம் மேல ஏறி, ரெண்டு கையும் முன்னால நீட்டிக்கிட்டு. எனக்கே தூக்கிப் போட்டுச்சு. யாரோ உள்ள பூந்துட்டான்னு நினைச்சேன். அப்புறம்தான் சட்டை அடையாளம் தெரிஞ்சுது. ஒவ்வொரு வீடியோவுலயும் அதே கூத்து. குழந்தை அம்மாவப் பாக்குது, அம்மா சிரிக்கறாங்க, குழந்தை ஒரு கைய எடுத்து வைக்கப் போகுது, அப்படியே பார்வை அம்மா தோளுக்கு மேல போகுது, அங்க நான். அவ்வளவுதான். பெத்தவ சிரிப்பு பெருசா, பின்னால நிக்கறவன் பயம் பெருசான்னா, பயம்தான் ஜெயிக்குது.

நான் செத்தேன்னு நினைச்சேன். பேராசிரியைக்கோ சந்தோஷம் தாங்கல. குழந்தை அம்மாவ மட்டும் படிக்கல, அறையில இருக்கற பயத்தையே தேடிப் பிடிச்சுப் படிக்குது, இத யாரும் இப்படிக் காட்டினதில்லை, இதுதான் உன் ஆராய்ச்சின்னு குட்டி முதுகுல தட்டினாங்க. அதோட விட்டாங்களா? பயந்த மூஞ்சி காட்டறதுக்கு ஆள் கிடைக்காம அவங்க ரொம்ப நாளாத் திண்டாடிக்கிட்டு இருந்தாங்களாம். அம்மாக்களப் பயப்படச் சொன்னா பாதியில சிரிச்சுடறாங்களாம், நாடகத்துல நடிக்கறவரக் கூட்டி வந்தா குழந்தைங்க கை தட்டுதாம். என்னைப் பாத்து, "சார், நீங்க நடிக்கவே வேண்டாம். சும்மா நில்லுங்க, அது போதும்"னாங்க. மாசம் முழுக்கச் சும்மா நின்னேன். நான் நின்னா ஒரு குழந்தை தாண்டல. நான் வெளிய போயிட்டா அத்தனையும் தாண்டுது. கணக்கு அவ்வளவு சுத்தமா வந்துச்சாம். பட்டம் கிடைச்சுது, அந்த ஆராய்ச்சியப் படிச்சுட்டுத்தான் கடல் தாண்டி இருந்து வேலையும் வந்துச்சு. ஊரே என்னைப் பாராட்டுது. அவ அம்மா மட்டும், "ஒரு மனுஷன் பயந்தே பேர் வாங்கினத நான் இப்பதான் பாக்கறேன்"ங்கறா.

அந்தப் பேராசிரியை சும்மா இருக்காம எனக்குப் பாடமும் எடுத்தாங்க. மனுஷனுக்குத் தேவைங்கறது படிப்படியா இருக்காம். முதல் படியில சோறு தண்ணி, ரெண்டாவது படியில பாதுகாப்பு, அதுக்கு மேல அன்பு, மதிப்பு, கடைசியில தன்னால முடிஞ்ச உயரத்துக்கு வளர்றது. நான் ரெண்டாவது படியிலயே நின்னுட்டேனாம். அத வீட்ல வந்து சொன்னேன் பாரு, அது என் தப்பு. "நிக்கறதா? அந்தப் படியில வீடு கட்டி, சன்னலுக்குக் கம்பியும் போட்டு உட்காந்திருக்காரு"ன்னா உன் தம்பி பொண்டாட்டி. இன்னொரு கொள்கையும் இருக்கு. மனசு பயந்து உடம்பு நடுங்கறது இல்லையாம், உடம்பு முதல்ல நடுங்குதாம், அதப் பாத்துட்டுத்தான் மனசு, ஓ, நாம பயந்துட்டோம் போலன்னு தெரிஞ்சுக்குதாம். அப்ப மூஞ்சிய மாத்தினா மனசும் மாறுமான்னு கேட்டேன். மாறலாம்னு சிலர் சொல்றாங்க, இல்லைன்னு சிலர் சொல்றாங்கன்னாங்க. இந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இப்ப தொங்கிக்கிட்டு இருக்கேன்.

ஏன்னு சொல்றேன். பட்டம் வாங்கின வாரம் ஒரு சாயங்காலம் கடை சாத்திட்டு வீட்டுக்கு வந்தேன். குட்டி சாப்பாட்டு மேசையில தனியா உட்காந்து கம்ப்யூட்டர்ல என் மூஞ்சிய நிறுத்தி வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. திரை முழுக்க நான். நான் வந்தது அவளுக்குத் தெரியல. ரொம்ப நேரம் பாத்தா. எனக்கு அப்பதான் உறைச்சுது. அந்தக் குழந்தைங்க என் மூஞ்சிய ஒரு நிமிஷம் பாத்ததுக்கே முடங்கிப் போச்சு. எம் பொண்ணு பொறந்ததுல இருந்து இதே மூஞ்சியப் பாத்துத்தானே வளந்திருக்கா? அவ மாடிப்படி ஏறினப்ப கீழ நின்னது இந்த மூஞ்சி. சைக்கிள் ஓட்டப் பழகினப்ப பின்னாடி ஓடினது இந்த மூஞ்சி. அவ சைக்கிளே கத்துக்கல அக்கா. நீச்சல் கத்துக்கல. பள்ளிக்கூட மேடையில ஏறி பாதிப் பாட்டுல எறங்கி ஓடி வந்தா, முதல் வரிசையில உட்காந்திருந்தது யாருன்னு நினைக்கற?

முந்தின நாளே வந்திருந்த அந்த வேலை விஷயத்த மறுநாள்தான் எடுத்தா. குட்டி என் எதிர்ல வந்து உட்காந்தா. "அப்பா, கூப்பிட்டிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்க"ன்னு கேட்டுட்டு என் மூஞ்சியப் பாத்தா. அந்த மேசை மேல குழந்தைங்க பாக்குமே, அதே பார்வை. எனக்குள்ள விமானம் கடல்ல விழுது, பனியில வழுக்கி அவ கால் உடையுது, காய்ச்சல்னா ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் இல்ல, பேசற பாஷை புரியாம நடு ரோட்டுல நிக்கறா. வழக்கமா இதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிடுவேன். அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. எங்க தங்கறது, யாரு துணை, ஒரு கேள்வி இல்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு, "போம்மா, நல்லா போயிட்டு வா"ன்னேன். மூஞ்சி என்ன சொல்லுச்சுன்னு எனக்குத் தெரியல, என் மூஞ்சிய நான் பாக்க முடியாதே. அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, "பாக்கலாம்ப்பா"ன்னு எழுந்து போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. பள்ளத்து ஓரத்துல வந்து நின்னுட்டா அக்கா. அவ போயிடுவாளோன்னும் பயமா இருக்கு, என்னால போகாம நின்னுடுவாளோன்னு அத விடப் பயமா இருக்கு. எனக்கு ரெண்டு பக்கமும் பயந்து பழக்கம் இல்ல, எப்பவும் ஒரு பக்கம்தான்.

அதனால கடையில சிரிச்சுப் பழகறேன். நம்ம கடையில கண்ணாடிக்குப் பஞ்சமா? மூணு சுவத்துலயும் மாட்டியிருக்கு. நடுவுல நின்னு சிரிச்சா அத்தனை பேரும் சிரிக்கறானுங்க, ஒருத்தன் சிரிப்பும் நம்பற மாதிரி இல்ல. பேராசிரியை சொன்னபடி புருவத்த எறக்கி, கன்னத்தத் தூக்கி, உதட்டோரத்த மேல இழுத்து, அப்படியே பிடிச்சு நிறுத்தணும். சலூன்காரர் கண்ணாடி மாத்த வந்தவர் என்னைப் பாத்துட்டு, "அண்ணே, கடவாப் பல்லா? அப்படியே வெச்சிருக்காதீங்க, பிடுங்கிடுங்க"ன்னாரு. ஒரு அம்மா அலமாரிக் கண்ணாடி வாங்க வந்தவங்க வாசல்லயே நின்னு, அப்புறம் வர்றேன்னு போயிட்டாங்க. ஒரு வாரமாச்சு, மூஞ்சி மாறுது, மனசு அசையவே இல்ல. தாடை மட்டும் வலிக்குது.

ஆகவே அக்கா, இப்போது கடிதத்தின் நோக்கத்துக்கு வருகிறேன். தாங்கள் உடனே புறப்பட்டு வரவேண்டும். தங்களுக்கு இயற்கையிலேயே சிரித்த முகம். நம்ம வீட்டு மாடிச் சுவர் இடிஞ்சு விழுந்தப்பகூட நீ சிரிச்சுக்கிட்டுதான் வெளிய வந்த. நீ வந்து குட்டி பதில் சொல்ற வரைக்கும் என் நாற்காலியில உட்காரணும், அவ நிமிர்ந்து பாக்கற இடத்துல எல்லாம் உன் மூஞ்சி இருக்கணும். அவ கிளம்பற அன்னைக்கு விமான நிலையத்துல அவ திரும்பிப் பாப்பா, அப்ப நான் நிக்கற இடத்துல நீ நிக்கணும். நான் கடையிலயே இருந்துக்கறேன், இல்ல வண்டி நிறுத்தற இடத்துல ஏதாவது தூணுக்குப் பின்னால நின்னுக்கறேன். அலமாரி சந்துல நின்னு பழகினவன்தான். அவ என்னைப் பாக்காம போனா எனக்கு ஆறாதுதான். பரவாயில்ல, அவ தாண்டணும்.

மாமா அவர்களுக்கு என் பணிவான வணக்கங்கள். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்கச் சொல்லவும், கைப்பிடியின் திருகாணியை முதலில் ஆட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். தங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசிகள், அவர்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் வழுக்காத செருப்போடும் வாழட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை வேண்டும்,
தொடைநடுங்கித் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடு. உறையை ஒட்டாமலே வைத்திருந்தேன், அதுக்குள்ள எல்லாம் தலைகீழா ஆயிடுச்சு. இன்னைக்குக் காலையில பழகின சிரிப்ப முதல் தடவையா வீட்ல போட்டுப் பாத்தேன். குளிச்சுட்டு வந்து, கன்னத்தத் தூக்கி, உதட்ட இழுத்து, அப்படியே போய் சாப்பாட்டு மேசையில உட்காந்தேன். குட்டி டீ குடிச்சுக்கிட்டு இருந்தவ நிமிர்ந்து பாத்தா, டம்ளர் கை தவறிடுச்சு. "அம்மா, சீக்கிரம் வா, அப்பாவுக்கு என்னமோ ஆகுது." அடுத்த அரைமணியில அவ அம்மா வேலை பாக்கற ஆஸ்பத்திரியில கிடக்கறேன். நெஞ்சு மேல ஒயர் ஒட்டியிருக்கு, உன் தம்பி பொண்டாட்டியே ரத்தம் எடுக்கறா, ரெண்டு தடவை குத்தினா, முதல் தடவை வேணும்னே. நானும் எடுத்த முடிவு முடிவுதான்னு சிரிச்ச மூஞ்சிய விடவே இல்ல. டாக்டர் எல்லாம் பாத்துட்டு, "இதயம் நல்லா இருக்கு. ஆனா இவரு ஏன் இப்படிச் சிரிக்கறாரு"ன்னு கேட்டாரு. குட்டி அழ ஆரம்பிச்சுட்டா. "நான் எங்கயும் போகலப்பா, உங்க கூடவே இருந்துடறேன்"னா. அதக் கேட்டதும் என் சிரிப்பு கழண்டுடுச்சு. பழைய மூஞ்சி தானா வந்து உட்காந்துச்சு, கண்ணு வெளிய, வாய் கோணல், எல்லாம் அப்படியே. குட்டி அதப் பாத்தா. பாத்துட்டு அப்பாடான்னு பெஞ்சுல சாஞ்சு, "இதான் எங்கப்பா"ன்னா.

அப்புறம் சொன்னா. வேலையப் பத்திச் சொன்ன அன்னைக்கு நான் ஒரு கேள்வியும் கேக்காம போம்மான்னு சொன்னதும் அவளுக்குக் குலை நடுங்கிடுச்சாம். அப்பா பயப்படலைன்னா அத விடப் பெருசா ஏதோ இருக்கு, உடம்புக்கு ஏதோ வந்து மறைக்கறாருன்னு நினைச்சுட்டாளாம், அதான் பாக்கலாம்னு சொல்லியிருக்கா. வீடியோவுல என் மூஞ்சிய உட்காந்து பாத்தது, இத விட்டுட்டு எப்படி இருக்கப் போறோம்னுதானாம். "அப்பா, அந்தக் குழந்தைங்களுக்கு உங்க மூஞ்சி பள்ளம். எனக்கு அதுதான் தரை. நீங்க பயந்துக்கிட்டு நின்னா எல்லாம் வழக்கம்போல இருக்குன்னு அர்த்தம். சைக்கிள் நான் கத்துக்காதது உங்க மூஞ்சியால இல்ல, ஆபத்துன்னு நீங்க அதோட சக்கரத்தக் கழட்டி வெச்சுட்டீங்க, அதனால"ன்னா. அந்தச் சக்கரம் இன்னும் கடைப் பரண்ல இருக்கு. நான் அந்தப் படுக்கையிலயே கேக்க ஆரம்பிச்சேன், எங்க தங்கற, யாரு துணை, பனிக்கு என்ன செருப்பு, விமானத்துல எந்தப் பக்கம் சீட்டு, எல்லாத்தையும். அவ ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டே போன்ல தட்டி, வர்றேன்னு அவங்களுக்கு அனுப்பிட்டா.

அதனால நீ வராதே அக்கா. உன் சிரிச்ச மூஞ்சிய அங்க பாத்தா அவ பாதியில திரும்பி வந்துடுவா. விமான நிலையத்துல முதல் வரிசையில நான்தான் நிக்கணுமாம், ஒண்ணையும் அடக்காம நிக்கணுமாம், அவ திரும்பிப் பாத்துட்டு உள்ள போவாளாம். அது என்னால முடியும். இருக்கற பயம் பூராவையும் எடுத்துக்கிட்டுத்தான் போகப் போறேன். ஆனா அவ உள்ள போனதுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னு யோசிச்சேன். அந்த மேசையில நடுவுல நான் மாட்டிக்கிட்டப்ப நான் பாத்தது அவ மூஞ்சியத்தான். அது இல்லாம அங்கிருந்து வீடு வரைக்கும் எப்படியோ வந்துட்டாலும், மறுநாள் காலையில யாரு மூஞ்சியப் பாத்து அடுத்த அடி வைக்கறது?

அவ கிளம்பற அன்னைக்கு வராதே. மறுநாள் வா.